கைலாசத்தின் துளைக்கட்டை

கைலாசம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ராசிபுரத்தில், எங்கள் பெரியம்மா வீட்டு அடுப்படியில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். பெரியம்மா மகள் பாவாயிக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டு வந்த பெரியப்பா, மோரை வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"பையன் பேரு கைலாசம். புதுச்சத்திரம். கைவேலை சுத்தம். வெசக்காய்ச்சல்ல அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் போயிட்டாங்க. கூடப் பொறந்ததும் இல்லை."

அரிசி களைந்துகொண்டிருந்த பாவாயி அக்கா தலையைத் தூக்காமல் கேட்டாள். "அப்ப அந்த ஊட்டுல சண்டை போடறதுக்குக்கூட ஆள் இல்லியாப்பா?"

"அவன் இருக்கான்ல. அவங்கூடப் போடு."

பெரியம்மா அகப்பையை ஓங்கினாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசுகிற பேச்சா இது என்று எனக்கும் சேர்த்து ஒரு திட்டு விழுந்தது.

நாங்கள் ஆசாரிமார். மரவேலை. எங்கள் பெரியப்பா ராசிபுரத்தில் தறிக்கு மரம் செய்தார். கைலாசம் மாமா செய்தது வண்டி. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் புதுச்சத்திரம் இருப்பதால் வண்டிக்குக் குறைவில்லை. சாலைக்கு மேற்கே ஓலைக் கொட்டகை, அதை ஒட்டி ஒரு வீடு. அங்கேதான் பாவாயி அக்கா வாழப் போனாள். இரண்டு வருஷம் கழித்து அவள் அண்ணன் மணியனும் அதே ஊருக்கு வந்து, சாலைக்குக் கிழக்கே ஒரு பட்டறை போட்டுக்கொண்டான். கல் எறிந்தால் விழுகிற தூரம்தான்.

மாமா பேசமாட்டார் என்று இல்லை. நாள் முழுக்க மரத்தோடு இருக்கிறவருக்கு மனிதரோடு என்ன பேசுவது என்று தெரியாது, அவ்வளவுதான். அக்காவுக்கு நேர்மாறு. அவள் பேச்சுக்கு இடைவெளி விடுவதே மூச்சு வாங்கத்தான். பிள்ளை இல்லை. அந்தக் குறையையும் அவள் பேசியே ஓட்டினாள்.

துளை போடுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. வண்டிச் சக்கரத்தின் விளிம்பு ஒரே மரம் அல்ல. ஆறு வளைந்த துண்டுகளைச் சேர்த்து வட்டமாக்குவார்கள். அந்தத் துண்டுக்கு வட்டை என்று பெயர். ஒவ்வொரு வட்டையின் முனையிலும் துளை போட்டு, நடுவில் மரமுளை வைத்து, அடுத்த வட்டையோடு கோக்க வேண்டும். இரண்டு சக்கரத்துக்கு இருபத்துநாலு துளை. ஒரு துளை சாய்ந்தாலும் முளை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளும். வட்டைகள் சேருகிற சந்து விலகும். வச்சிரப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. மேலே இரும்புப் பட்டா ஏறிவிட்டால் ஆண்டவனுக்கும் தெரியாது.

துளை போடும் துரப்பணத்துக்கு அந்த நாளில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அதன் தலையில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அழுத்திப் பிடிப்பார். இன்னொருவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, அதன் உடம்பில் சுற்றிய தோல் வாரை முன்னும் பின்னும் இழுப்பார். அழுத்துகிறவருக்கு இடம் வலம் சாய்வது தெரியும். தன் நெஞ்சுப் பக்கம் சாய்வது தெரியாது. அதைப் பக்கத்தில் இருக்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை வார் இழுப்பது எங்களில் வழக்கம் இல்லை. ஆனால் மாமாவுக்கு வேறு யார் இருந்தார்கள்? பாவாயி அக்காதான் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் உட்கார்ந்தாள்.

"உங்க பக்கமாச் சாயுதுங்க."

"ம்."

"இன்னுங் கொஞ்சம். இப்ப அந்தண்டை போயிருச்சு. மாடு கழுத்தைத் திருப்பற மாதிரி திருப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ம்."

சாலையில் போகிற வண்டிக்காரர்கள் நின்று சிரிப்பார்கள். "கைலாசம், தொளை நீ போடறியா, உம் பொண்டாட்டி போடறாளா?" என்பார்கள். "அவதானுங்க" என்பார் மாமா. அவர் சொன்னது கேலி இல்லை, நிஜம். எனக்குத் தெரிந்து அவர் அக்காவைப் பற்றி வெளியாளிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

உப்புக்காக ஊர் ஊராக ஆட்கள் நடந்து போன வருஷம், சித்திரை மாதம். ராசப்பக் கவுண்டர் என்ற குடியானவர் வெல்லம் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போகும்போது வழியில் வண்டி குடைசாய்ந்தது. வட்டை பிளந்துவிட்டது. மாட்டுக்குக் கால் போயிற்று. அது மணியன் செய்த சக்கரம். கவுண்டர் பிளந்த வட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக மாமாவின் கொட்டகைக்கு வந்து முன்னால் போட்டார்.

"கைலாசம், இது மரத்துத் தப்பா, கைத்தப்பா?"

இதற்கு எங்களில் ஒரே பதில்தான் உண்டு. மரத்தில் சுழி இருந்திருக்கிறது, நம் கண்ணில் படவில்லை என்பதுதான் அது. ஒரு ஆசாரி செய்த வேலையை இன்னொரு ஆசாரி குடியானவர் முன்னால் குறை சொல்லக் கூடாது. பாலோடு சேர்த்துப் புகட்டின கட்டுப்பாடு அது. தப்பை நமக்குள் வைத்துத் திட்டிக்கொள்ளலாம், அடித்துக்கொள்ளலாம். வெளியே மரத்தின் மேல்தான் போடவேண்டும். மாமாவுக்குச் சொல்லித்தர அப்பன் ஆத்தா இல்லை என்று பிற்பாடு பேசினார்கள். தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் அவர் ஒரு ஈர்க்குச்சியை எடுத்து அந்தத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். குச்சி கோணிக்கொண்டு நின்றது.

"தொளை சாஞ்சிருக்குதுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே ஆசாரிமார் எல்லாரும் காளியம்மன் கோயில் முன்னால் கூடிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அப்போது பெரிய தலை பச்சமுத்து ஆசாரி.

"நாளைக்குக் கவுண்டர் ஊட்டுக்குப் போய், மரத்துலதான் தப்பு, நான் பார்த்தது பொய்யின்னு சொல்லிட்டு வா. முடிஞ்சு போச்சு" என்றார்.

மாமா யோசித்துவிட்டு, "மரம் என்னங்க பண்ணுச்சு, பாவம்" என்றார்.

அவர் எகத்தாளம் பேசுகிறார் என்று சபை நினைத்தது. அவருக்கு எகத்தாளம் பேசத் தெரியாது என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பெண்கள் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். கட்டுப் போட்டார்கள். கைலாசத்தோடு யாரும் பேசக்கூடாது, நெருப்புக் கொடுக்கக்கூடாது, வேலைக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது. மீறினவருக்கும் அதே கட்டு. மணியன் தங்கையைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். போகும்போது அக்கா அண்ணனையும் திட்டினாள், புருஷனையும் திட்டினாள். நாக்கில் நல்ல வார்த்தை வராத இரண்டு பேருக்கு நடுவில் பிறந்து வாழ்ந்த பாவம் தன்னுடையது என்றாள். ஆனால் மூன்றே நாளில் திரும்பிவிடுவோம் என்றுதான் அவள் நினைத்தாள். மாற்றுச் சேலை ஒன்றுதான் எடுத்துப் போனாள்.

கவுண்டர் விடவில்லை. "சாஞ்சிருக்குன்னு சொன்னவன் நீதான். நேராப் போட்டு ஒரு ஜோடிச் சக்கரம் எனக்கு வேணும். ஆடி பொறக்கறதுக்குள்ள" என்று மாமாவிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். அது காதில் விழுந்ததும் பச்சமுத்து ஆசாரி ஒரு சொல் சொல்லி அனுப்பினார். பட்டா ஏறுவதற்கு முன்னால் சபை வந்து சக்கரத்தைப் பார்க்கும். இருபத்துநாலு துளையும் நேராக இருந்தால் கட்டு நீங்கும், பெண்டாட்டி வீட்டுக்கு வரலாம். ஒன்று சாய்ந்திருந்தாலும் மணியன் காலில் விழவேண்டும், அவள் வருவது மணியன் இஷ்டம். பக்கத்தில் ஆள் இல்லாமல் எவனாலும் நேராகப் போட முடியாது என்று அவருக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

நான் அப்போது ராசிபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்தேன். வைகாசியில் அக்காவைப் பார்க்கப் போனேன். மணியன் வீட்டு வாசலில் நின்றால் மாமாவின் கொட்டகை தெரியும். அக்கா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பயறு புடைத்தாள்.

"என்ன சாப்படறாரோ கேட்டுட்டு வா" என்றாள்.

"பேசக்கூடாதேக்கா."

"அவர்கூடத்தானே பேசக்கூடாது? அங்க ஒரு ஆடு கெடக்குது. அதுகூடப் பேசக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

போனேன். கொட்டகைக் காலில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. சுற்றிலும் துளை போட்டுக் கெடுத்த மரத்துண்டுகள், இருபது முப்பது இருக்கும். மாமா இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, அப்புறம் நினைப்பு வந்து, தரையைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏ ஆடு, மத்தியானம் என்ன தின்னே?"

ஆடு என்னைப் பார்த்தது. மாமா ஆட்டிடம் சொன்னார். "களி தின்னேன்னு சொல்லு."

"தொட்டுக்க?"

"உப்புன்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "தொளை என்ன ஆச்சுன்னு உங்க எஜமானைக் கேளு" என்றேன்.

அவர் துண்டுகளைக் காலால் தள்ளிக் காட்டினார். எல்லாம் அவர் நெஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தன. தனியாளாக இழுக்க வாரை ஒரு வில்லில் கட்டிக்கொண்டு, நேர் பார்க்கத் தூக்குக்குண்டும் கட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு கை வில்லை இழுக்க, ஒரு கை தலையை அழுத்த, கண் குண்டைப் பார்க்குமா, துரப்பணத்தைப் பார்க்குமா? பிறகு ஒரு யோசனை செய்திருக்கிறார். ஒரு சாண் உயரமான வேலமரக் கட்டையில் மேலிருந்து கீழாக ஒரு துளை போட்டு, அந்தத் துளைக்குள் துரப்பணத்தை இறக்கினால் அது பிடித்தபடி நிற்கும், ஆள் வேண்டாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கட்டைக்குத் துளை போட்டவரும் அவரே. அது சாய்ந்திருந்தது. அதை வைத்துப் போட்ட எட்டுத் துளையும் அச்சில் வார்த்த மாதிரி, ஒன்றுபோல, அதே சாய்வு.

"முன்னெல்லாம் ஒண்ணு ரெண்டு தப்பிச்சு நேரா விழுந்துச்சு. இப்ப ஒண்ணும் தப்பறதில்லை" என்று ஆட்டிடம் சொன்னார்.

நான் இதை வந்து சொன்னபோது அக்கா முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் வில் இழுபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இழுத்து, நின்று, இழுத்து. "சாயுது பாரு, சத்தத்துலயே தெரியுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்கப்புறம் நடந்ததை மாமா எனக்குப் பிற்பாடு சொன்னார். ஆத்திரம் வந்து அந்த வேலங்கட்டையை உளி வைத்து நடுவில் பிளந்துவிட்டாராம், துரப்பணம் எந்த இடத்தில் திரும்பியது என்று பார்க்க. பிளந்ததும் துளை பாதி பாதியாக இரண்டு துண்டிலும் ஓடை மாதிரி கிடந்தது. எங்கே கோணல் என்று பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் அவர் மனசில் பட்டதாம். துளைக்குள் கண் போகாது. அந்த ஓடை மாதிரி திறந்த காடியாக வெட்டினால் கண் போகும். துளையே போடவேண்டாம்.

புதிதாக ஒரு கட்டை எடுத்தார். நேர்வெட்டாக இரண்டாக அறுத்தார். உள்முகம் இரண்டையும் இழைப்புளி போட்டு வழவழவென்று ஆக்கினார். மூலைமட்டம் வைத்துக் கோடு இழுத்து, கோட்டோடு கோடாக இரண்டிலும் ஒரே ஆழத்துக்கு ஆப்பு வடிவில் காடி வெட்டினார். வெளிச்சத்தில் வைத்து, கண்ணால் பார்த்து, கோணல் இருந்த இடத்தைச் செதுக்கிச் செதுக்கி நேராக்கினார். அதற்கே ஆறு நாள். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்தால் நடுவில் ஒரு நேர் வழி. துரப்பணத்தின் இரும்புக் கம்பியை நடுவில் வைத்துக் கட்டையை இருபுறமும் மூடி, கயிற்றால் கட்டி, ஆப்பு இறுக்கினார். கம்பி சிக்காமல் சுற்ற விளக்கெண்ணெய் விட்டார். கட்டையின் இரண்டு பக்கமும் காது மாதிரி பலகை அடித்தார். அந்தக் காதுகள் வட்டை முனையைக் கவ்விக்கொண்டு நிற்கும். வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடம், ஒரே நேர். அவர் செய்ய வேண்டியது இடக்கையால் தலையை அழுத்துவது, வலக்கையால் வில்லை இழுப்பது, அவ்வளவுதான். இருபத்துநாலு துளையையும் இரண்டே நாளில் போட்டு முடித்தார்.

ஆனி கடைசியில் சபை வந்தது. நானும் போயிருந்தேன். சக்கரம் இரண்டையும் கோயில் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பச்சமுத்து ஆசாரி வெற்றிலைக் காம்பைக் கிள்ளி ஒவ்வொரு சந்திலும் நுழைத்துப் பார்த்தார். ஒன்றிலும் நுழையவில்லை. கடைசிச் சந்தில் முளையைத் தட்டிக் கழற்றச் சொல்லி, துளையில் ஈர்க்குச்சி விட்டார். குச்சி விறைத்து நின்றது. சுற்றி நின்றவர்கள் முகத்தில் சந்தோஷம் இல்லை. சந்தேகம்தான் இருந்தது.

"யார்றா பக்கத்துல உக்காந்தது?"

"யாருமில்லீங்க."

"ஆளில்லாம இது வராது. நான் அறுபது வருசமாப் பார்க்கறேன்."

மணியன் திரும்பினான். "பாவாயி, நான் சந்தைக்குப் போன அன்னிக்கு நீ அங்க போனியா?"

"நான் எங்கியும் போகலை."

"பொய் சொல்லாத. உங் கண்ணில்லாம அவனுக்கு ஏது நேரு?"

"போகலைங்கறேன்ல."

"பொய்க்காரி" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். யார் என்று எனக்குத் தெரியும். இப்போது அவன் இல்லை, விடுங்கள்.

மாமா பேசாமல் இருந்திருந்தால், கட்டுப்பாட்டை மீறினவள் என்று அவளையும் தள்ளி வைத்திருப்பார்கள். தள்ளி வைத்தால் அவள் அவரிடம்தானே போயிருப்பாள்? அந்தக் கணக்கு எனக்கே பத்து வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அவருக்கு அந்த நிமிஷத்தில் உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் அவர் பேசாமல் இருந்திருக்க மாட்டார். விறுவிறுவென்று சாலையைத் தாண்டிப் போய்க் கட்டையையும் துரப்பணத்தையும் எடுத்துவந்தார். ஒரு வட்டைத்துண்டை நட்டு, கட்டையைக் கவ்வவிட்டு, வில்லை மாட்டினார். பாதித் துளை இறங்கினதும், பக்கத்தில் ஆள் வேண்டாம் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்ளட்டும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மூடியபடியே துளையை முடித்தார்.

பச்சமுத்து ஆசாரி குச்சியை விட்டுப் பார்த்தார். நேர்.

அப்புறம் ஒரே கலகலப்பு. கட்டை கைமாறிக் கைமாறிப் போயிற்று. மணியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெட்கத்தை விட்டு, "மச்சான், இதை ஒரு நாளைக்கு நான் கொண்டுட்டுப் போவட்டுமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பச்சமுத்து ஆசாரி தன் கையால் வெற்றிலை கொடுத்து, போட்ட கட்டு நீங்கியது என்றார். நான் அக்காவைத் தேடினேன். அவள் அங்கே இல்லை.

மணியன் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இது? கட்டு எடுத்தாச்சு. கெளம்பு."

"பார்த்தியல்ல? கண்ணை மூடிட்டுப் போட்டாரு."

"உன்னைப் பொய்க்காரின்னாங்களே, அதுக்குத்தான்."

"ஒம்பது வருசம் கண்ணு வலிக்கப் பார்த்தவ நானு. ஊரு கூடுன எடத்துல, கண்ணே வேண்டாம்னு காட்டிட்டாரு. இனி அந்தக் கட்டையே அவருக்குச் சோறு ஆக்கட்டும்."

நான் மாமாவிடம் ஓடினேன். "வந்து கூப்பிடுங்க மாமா. ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க, வந்துருவா" என்றேன். என்ன சொல்வது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் காலையில் வெற்றிலை பாக்கோடு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அக்கா நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். தலை வாரி, அந்த மாற்றுச் சேலையை மூட்டையாகக் கட்டிக் கதவு இடுக்கில் வைத்திருந்ததை நான் பார்த்தேன். மாமா நிலைக்காலைத் தடவிப் பார்த்தார். இரண்டு மாதமாக யோசித்து வைத்திருந்த ஆசையை வாய்விட்டுச் சொன்னார்.

"இனிமே நீ வார் இழுக்க வேண்டியதில்லை, பாவாயி. சாயுது சாயுதுன்னு கத்தவும் வேண்டாம். சும்மா உக்காந்திருக்கலாம்."

அவள் கை காய்த்துப் போன கை. அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்க ஆசைப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அது தெரிந்தது. அக்கா அவரையே பார்த்தாள். அவர் இன்னொரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு உள்ளே போய்விட்டாள். மாமா வெற்றிலையைப் படியில் வைத்துவிட்டுச் சாலையைத் தாண்டிப் போனார்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். "அவரு இன்னொருக்கா வந்து கூப்படட்டும்" என்பாள் இவள். "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டனே" என்பார் அவர். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போய், அப்புறம் கேட்கிறவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டையைப் பார்த்து மணியன் ஒன்று செய்தான், அவனைப் பார்த்து ராசிபுரத்தில் நாலு பேர் செய்தார்கள். யுத்தம் வந்தபோது நாமக்கல் வரைக்கும் வண்டிப் பட்டறைகளில் அது இருந்தது. வார் இழுக்க ஆள் தேடுகிற வேலை எல்லாருக்கும் மிச்சம். மாமாவுக்கும் வேலைக்குப் பஞ்சம் இல்லை. பொழுது விடிந்தால் வில் சத்தம் கேட்கும். தடங்கலே இல்லாத சத்தம். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே வாசல் தெளிப்பாள். சாயுது என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது.

மணியன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. பாவாயி அக்கா அவன் மகனோடு இருக்கிறாள், சாலைக்குக் கிழக்கே. கைலாசம் மாமாவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. புதுச்சத்திரத்தில், சாலைக்கு மேற்கே, அதே வீட்டில் தனியாக இருக்கிறார்.